நிற்கும்போது எடுத்த பிரஷர்

வைஜெயந்தி பாராடாங் தீவில் வனத்துறைக் கூலிக்காரரின் மகளாகப் பிறந்தவள். நோயாளி பராமரிப்புப் பயிற்சி முடித்து முப்பத்தொரு வருடமாக அடுத்தவர் வீட்டுப் படுக்கைகளைப் பார்த்துக்கொள்கிறாள். டெய்ரி ஃபார்ம் என்ற இடத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து மின்னி பே பகுதிக்கு வருவாள். கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரால் அவளுக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

மின்னி பேயில் அவள் கவனித்துக்கொண்டவர் ஜம்புலிங்கம், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். மூளைக்குள் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாய் அடைபடும் வியாதி. நடை தடுமாறும், பேச்சு பாதியில் நிற்கும்.

சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் குழு அவருடைய ஸ்கேனை வைத்து, அவர் மூளையின் ரத்த ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கியிருந்தது. ஸ்கேனில் தெரிகிற பெரிய குழாய்களை அப்படியே வரைவார்கள். தெரியாத சிறு குழாய்களைக் கணக்குப்படி கிளை பிரித்து நிரப்புவார்கள். பிறகு அழுத்தம் இவ்வளவு என்று கொடுத்தால், கடைசி நுனிவரை எவ்வளவு ரத்தம் போய்ச் சேரும் என்று அது சொல்லும். அந்த அழுத்தத்தை எடுப்பது வைஜெயந்தியின் வேலை. படுக்கவைத்து ஒரு தடவை, எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை. அவள் நோட்டில் எழுதுவாள். கப்பல் டிக்கெட் ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் ஜம்புலிங்கத்தின் மகன் சுரேந்தர் அதைப் போனில் ஏற்றி அனுப்புவான்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ரத்த ஓட்டப் படம் வந்தது. எல்லா நுனியிலும் நல்ல ஓட்டம். ஊர் டாக்டரும் சுரேந்தர் போனில் காட்டிய எண்களைப் பார்த்து, பிரஷர் அதிகம் என்று இரண்டாவது மாத்திரை சேர்த்தார். அடுத்த பத்து நாளில் ஜம்புலிங்கம் குளியலறையில் இரண்டு முறை விழுந்தார்.

“தம்பி, எழுந்து நின்னா பிரஷர் சரசரன்னு இறங்குது. டாக்டர்கிட்ட சொல்லுங்க,” என்றாள் சுரேந்தரிடம்.

“அரே அக்கா, கம்ப்யூட்டரே டீக் ஹை, எல்லாம் சரின்னு சொல்லிடுச்சு. அதைவிட நீங்க ஜாஸ்தி படிச்சிருக்கீங்களா?”

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சென்னைக் குழுவின் சங்கவி வீடியோவில் வருவாள். அன்று சுரேந்தரும் வீட்டில் இருக்க, வைஜெயந்தி போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தாள்.

“மேடம், பேசாம பாருங்க.”

படுக்கையில் 152. ஜம்புலிங்கத்தின் இடுப்பைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். ஒரு நிமிடம். அவர் முகம் வெளுத்து, முழங்கால் மடங்கியது. 94. உடனே உட்காரவைத்து, மிஷினைப் போன் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

“இது எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்றாள் சங்கவி.

“ஆரம்பத்துலேயே நின்னா நூத்திப்பத்துதான். புது மாத்திரைக்கு அப்புறம் இன்னும் மோசம். எல்லாம் நோட்டுல இருக்கு.”

“எங்களுக்கு வந்ததுல படுத்தது, நின்னது ரெண்டு காலத்துலயும் நூத்தைம்பதுதானே இருக்கு?”

சுரேந்தர் போன் முன்னால் வந்தான்.

“இவ்வளவு கம்மியா எப்படி இருக்கும்? கை ஆடி மிஷின் கலத்தா, தப்பா காட்டுதுன்னு நெனச்சேன். படுத்தப்ப எடுத்ததையே போட்டுட்டேன். கணக்கு கெட்டுடக்கூடாதேன்னு...”

“நான் வேலை மெனக்கெட்டு ஐயாவை நிறுத்தி எடுத்தது, உங்களுக்குக் கெட்டுப்போன கணக்கா?”

சங்கவி மெதுவாகப் பேசினாள். “மாத்திரை பத்தி நான் சொல்ல முடியாது. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. எங்க மேலயும் தப்பு இருக்கு. ரெண்டும் ஒண்ணா வர்றப்பவே கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும்தான்,” என்றாள் வைஜெயந்தி. ஒப்புக்கொண்டதற்காக யாரையும் அவள் பாராட்டுவதில்லை.

அன்று மாலையே டாக்டர் இரண்டாவது மாத்திரையை நிறுத்தினார். நோட்டில் இருந்த எண்களை வைத்து வியாழனன்று புதிய படம் வந்தது. அதில் படுத்திருக்கும் மூளை பழையபடி இருந்தது. நிற்கும் மூளையில், ஆழத்திலுள்ள நுனிகள் பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தன. அவர் எழுந்த ஒவ்வொரு முறையும் அதுதான் நடந்திருக்கிறது. அதில் எவ்வளவு திரும்பாமல் போயிற்று என்று எந்தப் படமும் சொல்லவில்லை.

சுரேந்தர் வாசலில் வந்து நின்றான். “மாஃப் பண்ணுங்க அக்கா.”

“எனக்கு எதுக்கு? இப்படி வாங்க. இடுப்பைப் பிடிங்க. இறுக்கி. தூக்குங்க.”

தகப்பனின் பாரம் மெல்ல மெல்லத் தன் கைகளில் இறங்குவதை அவன் அந்த ஒரு நிமிடமும் தாங்கினான். வைஜெயந்தி மிஷினைப் பார்த்தாள். அவனுக்கு உதவ ஒரு விரலையும் அசைக்கவில்லை.

“நூத்திரெண்டு. உட்காரவைங்க. அப்படியே எழுதுங்க.”

அவன் எழுதினான்.