கார் நிற்க வேண்டிய இடத்தில் மீன்தொட்டி

எங்கள் வீட்டு வாசலில் கால் மணிக்கொரு தரம் யாரோ கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிடுகிறார்கள். மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் இருக்கும் இந்த வரிசை வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள், சோபாவில் உட்கார்ந்து தேத்தண்ணியை வாயருகே கொண்டுபோகும்போது அந்தச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு வாசலைப் பார்ப்பார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுவேன்: கக்கூஸ் இல்லைங்க, கீரைப் பாத்தி. அதற்கப்புறம் தேத்தண்ணி அப்படியே ஆறிப்போகும்.

கார் நிற்க வேண்டிய போர்ச்சில் இரும்புக் கூண்டுக்குள் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி, என் மார்பு உயரத்துக்கு. அதற்குள் தலாப்பியா மீன்கள். தொட்டிக்கு மேலே கூழாங்கல் நிரப்பிய தட்டில் கங்கோங் கீரையும் மிளகாயும். மோட்டார் மீன் தண்ணீரை மேலே ஏற்றும். கல் தட்டு நிரம்பியதும் ஒரு குழாய் அத்தனையையும் ஒரே மடக்கில் உறிஞ்சிக் கீழே விடும். அந்தச் சத்தம்தான் அது. மீன் பேண்டதைத் தின்று கீரை வளரும், கீரை சுத்தம் செய்த தண்ணீர் மறுபடி மீனுக்கு. இதன் பெயர் அக்குவாபோனிக்ஸ். என் வீட்டுக்காரர் சேகரன் இதை விளக்கும்போது தல புராணம் சொல்கிறவரைப் போலக் குரல் குழையும். ஊரடங்குக் காலத்தில் கடைகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்துப் பயந்து, வீடியோ பார்த்துக் கட்டியது. ஊரடங்கு போய்விட்டது, கருமம் பிடித்த தொட்டி போகவில்லை. கார் தெருவில் வெயிலில் காய்கிறது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் அருவருப்பு சொல்லாமலே புரியும். நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பாவுக்கு ஃபைபர் படகு. மீன் என்றால் எங்களுக்குக் கடல் கொடுப்பது. அதற்கு யாரும் தீனி போட்டதில்லை, அது எங்கே பேண்டது என்று யாரும் கவலைப்பட்டதுமில்லை. இங்கே தலாப்பியா என்று மரியாதையாகச் சொல்கிற இதற்கு எங்கள் பக்கம் ஜிலேபி என்று பெயர். ஆகாயத்தாமரை மூடிய குட்டையில் கிடக்கும். சந்தையில் அதை விற்கிறவளைத் தாண்டும்போது என் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். வஞ்சிரமும் கொடுவாவும் தின்று வளர்ந்த வாயை நான் கல்யாணம் கட்டி இந்த ஜிலேபிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

அவருக்கோ என் மீனைக் கண்டால் குமட்டல். அவர் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துக் கால்வாயில் பிடித்து, வாளிக்குள் துள்ளத் துள்ளக் கொண்டுவருவதுதான் அவருக்கு மீன். நான் இங்கே பாசார் என்கிற சந்தையில் ஆசையாகக் கடல் மீன் வாங்கி வந்தால் செவுளைத் தூக்கிப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பார். செத்து எத்தனை நாளானதோ, ஐஸில் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்பார். எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு சட்டி, இரண்டு குழம்பு. ஒருவர் சட்டியை மற்றவர் கழுவுவதுகூடக் கிடையாது.

அவர் துறைமுகத்துக் கிடங்கு வேலைக்கு விடியும் முன்னே போய்விடுவார். தீனி போடுவதும் வடிகட்டி அலசுவதும் என் தலையில். அந்தப் பஞ்சைப் பிழிந்தால் வழிகிறதே பழுப்பாக, அது சேறு இல்லை. அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்தாலும் மத்தியானச் சோற்றில் அந்த வாடை வரும். தீனி மூட்டை அதைவிடக் கொடுமை. முதல் தடவை பிரித்தபோது எங்கள் ஊர்க் கருவாட்டுக் களத்து நாற்றம் குப்பென்று அடித்தது. ஒரு கணம் மனசு பொங்கிவிட்டது எனக்கு. பிறகுதான் புரிந்தது, காரப்பொடி மீனையும் சாளையையும் காயவைத்து அரைத்து இதுகளுக்குத் தீனி செய்கிறார்கள். கடல் மீனைக் கொண்டுவந்து குட்டை மீனுக்குப் படையல். பட்டுப் புடவையைக் கிழித்துக் கரித்துணி தைத்த மாதிரி இருந்தது.

முதல் அறுவடைக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து என் நாத்தனார் மாலதி குடும்பத்தோடு வந்தாள். இவர் வலை போட்டு ஏழெட்டு மீனை வாரிப் பேசினில் விட்டார். விட்டுவிட்டுக் கைகழுவ உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை. பேசினைச் சுற்றி நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதான் அடிக்கணும் அண்ணி. மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்கணுமா?" என்றாள் மாலதி.

"எங்க ஊர்ல யாரும் மீனக் கொல்ல மாட்டாங்க" என்றேன்.

நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சொன்னதோ சத்தியம். வலையிலோ படகிலோ கிடந்து அது தானாகச் சாகும். கரைக்கு வரும்போது அது சரக்கு. ஏலம் போடுவோம், செதில் சீவுவோம், உப்பில் புரட்டுவோம். கொல்வது என்று ஒரு வேலை எங்களுக்கு இருந்ததேயில்லை. பேசினில் கிடந்தது என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. தினமும் தீனி போடுகிற கை இதுதான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. குழவியை எடுத்துத் தலையில் போட்டேன். ஒன்று முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. வயிற்றைக் கீறினால் உள்ளே கரி பூசினாற்போல் ஒரு கறுப்புத் தோல். புளியும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தும் சேற்று வாடை போகவில்லை. பின்பக்கம் போய் வாந்தியெடுத்தேன். குழம்பு கொதிக்கிற வாசனை வந்த பிறகுதான் இவர் கைகழுவி முடித்து வந்தார். கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் கையால் வளர்த்ததை எப்படி அடிப்பதாம், மனசு கேட்கவில்லையாம். அடேயப்பா, எவ்வளவு இளகின மனசு! வளர்க்கிற புண்ணியம் அவருக்கு, அடிக்கிற பாவம் எனக்கு.

அதுவே வழக்கமாகிப் போனது. ஒவ்வொரு அறுவடைக்கும் வலை அவர் கையில், குழவி என் கையில். ஒருநாள் வெறுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன்: தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன், நான் திரும்பி வரவேண்டுமானால் இந்தத் தொட்டி இங்கே இருக்கக் கூடாது. வெறும் மிரட்டல் இல்லை, பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்தேன்.

"அதுங்களா செத்துட்டா எடுத்துர்றேன்லா. உசுரோட இருக்கறத எங்க கொண்டுபோய்க் கொட்டறது?" என்றார் அவர்.

அடுத்த வாரமே அதற்கு வழி பிறந்தது. மத்தியானம் இடி மழை. தெருமுனையில் எதுவோ வெடித்துக் கரண்டு போனது. மோட்டார் நின்றது. வாசல் கக்கூஸ் முதன்முறையாக வாயை மூடியது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். இவர் போன் செய்தார். துறைமுகத்திலிருந்து வரும் வழியில் மழையில் மாட்டிக்கொண்டிருக்கிறாராம், வாளியில் மோந்து மோந்து உயரத்திலிருந்து ஊற்றினால் தண்ணீரில் காற்றுக் கலந்து பிழைத்துக்கொள்ளுமாம். சரி என்று வைத்துவிட்டேன். ஊற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். சாயங்காலத்துக்குள் தொட்டி காலி. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரத்தில் சப், சப் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தனை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. ச்சீ என்று கதவைச் சாத்தினேன். டிவியும் இல்லை, ஃபேனும் இல்லை, வீடு முழுக்க அந்தச் சத்தம் மட்டும். செத்துத் தொலையேன் என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டேதான் எழுந்து போய்ப் பெரிய சொம்பை எடுத்தேன். மோந்து தலைக்கு மேலே தூக்கி ஊற்றினேன். மீன் பேண்ட தண்ணீர் முகத்தில் தெறித்தது, உதட்டில் பட்டது. துப்பித் துப்பி ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் ரோஸ் குடையோடு வந்து வேலிக்கு அப்பால் நின்றார். "செம்பாஹ்யாங்?" என்று மெதுவாகக் கேட்டார். பூஜையா என்கிறார். இல்லை, "இக்கான் மாவ் மாத்தி", மீன் சாகப் போகிறது என்றேன். அவர் முகம் வாடிப்போய், சாவுச் சடங்கு நடக்கிறது என்று நினைத்துக் குடையை மடக்கிவிட்டு மழையில் மரியாதையாக நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நின்ற மோட்டாரைக் காட்டிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. தன் வீட்டு வாளியோடு ஓடி வந்தார். கரண்டு வருகிறவரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். ஒன்றுகூடச் சாகவில்லை.

இவர் நனைந்துகொண்டு ஓடி வந்து தொட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். என் தலைமுடியில் பாசி. இனி தொட்டி போகாது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு தடவை குளித்தும் அந்த நாற்றம் என்னை விடவில்லை.

மறுநாள் காலை தம்பி வேலு கரையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். நல்ல பாடு அக்கா, வலை நெறைய மீன், பாரு என்று போனைத் திருப்பினான். மணலில் குவியல் குவியலாகச் சாளை, வெள்ளி வெள்ளியாக. இன்னும் உயிர் போகாமல் துள்ளிக்கொண்டிருந்தன. சின்ன வயதிலிருந்து இதைவிடச் சந்தோஷமான காட்சி எனக்குக் கிடையாது. வேலு போனை இன்னும் கிட்டே கொண்டுபோனான். வாய்கள் திறந்து திறந்து மூடின.

"தண்ணி ஊத்துடா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. ஐஸ் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றான். மீனுக்கு, சீக்கிரம் ஊத்து என்றேன் மறுபடி. அக்கா என்னவாம் என்று அப்பா கேட்பது கேட்டது. மீனுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுது என்று அவன் சொல்ல, கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.