சொல்லாமல் வாற இருபது பேர்

பியற்றிஸ் மன்னாரில் பிறந்து, ஈஸ்ட் ஹாம் தபால் கந்தோரில் முத்திரை விற்று, அதே கையால் ஒன்பது வருஷம் ஒரு படைக்குப் படியளந்தவ. நம்பாதவர்கள் எழும்பிப் போகலாம்.

படையென்றால், சனி ஞாயிறுகளில் இரும்புச் சட்டை மாட்டி, அறுநூறு வருஷத்துக்கு முந்திய சண்டையைத் திரும்பப் போடும் வெள்ளைக்காரர் நாற்பது பேர். அரசன் றொஜர் மற்ற நாட்களில் பஸ் ஓட்டுவான். மாதா கோயில் மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு வந்த இடத்தில் அவர்களுடைய வரவுசெலவுக் கொப்பியைப் பார்த்து, “இது கணக்கோ, கோழி கிண்டினதோ?” என்று அவ சிரிக்க, அன்றைக்கே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆவணி, அவ பொறுப்பெடுத்த முதல் வருஷம். மறுநாள் எஸெக்ஸில் ஒரு வயலில் சண்டை. பதினொரு மணிக்கு இரும்புச் சட்டையும் வாளுமாய், கொப்பியோடு றொஜர் மண்டபத்துக்குள் பாய்ந்தான்.

“காப்புறுதிக்குத் தொண்ணூறு பவுண் குறைகிறது! ஒரு மணிக்கு ஏஜன்ற் கந்தோரைப் பூட்டிவிடுவார். கட்டாவிட்டால் வயல்காரன் கேற்றைத் திறக்கமாட்டான். இதென்ன, சாப்பாட்டுச் செலவில் ‘சொல்லாமல் வருபவர்கள் இருபது’?”

பியற்றிஸ் கொப்பியை வாங்கிப் பார்த்தா. நாற்பது பேரென்றால் அறுபது பேருக்கு உலை வைப்பது அவவின் ஊர்க் கைப்பழக்கம். இந்த வெள்ளைக்காரச் சனம் கடிதம் போடாமல் தாய் வீட்டுக்கும் போகாது என்பது இப்போதுதான் உறைத்தது. காப்புறுதிக் காசு, மறுநாளைக்கென்று சுட்ட கோழியாய்த் தட்டங்களில் கிடந்தது.

“ஒருவரும் வரப்போவதில்லை, பியற்றிஸ்.”

“பன்னிரண்டுக்கு மாதா திருநாள் பூசை முடியும். வாளைத் தா.”

ஊரில் திருநாள் முடிந்ததும் கோயிலுக்கு நேர்ந்த முதல் பூசணிக்காயை ஏலம் விடுவார்கள். காய் யாருக்கு வேண்டும்? பக்கத்து வீட்டான் எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். சனம் வெளியே வர, பியற்றிஸ் கதிரையில் ஏறி, ஒரு முழுக் கோழியை வாளில் குத்தித் தூக்கினா.

“அரசன்ரை வாள் ஏறின கோழி! கேளுங்கோ!”

“அஞ்சு” என்றார் பலசரக்குக்கடை பெனடிக்ற்.

“பத்து” என்றார் நகைக்கடை செபமாலைமுத்து. கார் நிறுத்தும் இடத்துக்காக இருவரும் நாலு வருஷமாய் முகம் பாராதவர்கள்.

இருபது, நாற்பது, அறுபது. பெனடிக்ற் எழுபது என்றதும் ஏலம் நின்றது. மணி பன்னிரண்டு நாற்பது. றொஜருக்கு இரும்புக்குள் வியர்த்தது.

பியற்றிஸ் செபமாலைமுத்துவின் பக்கம் திரும்பினா. “முத்தண்ணை, இந்தக் கோழி ஒரு கிழமை பெனடிக்ற் அண்ணையின்ரை கடைக் கண்ணாடிக்குள்ளை தொங்கும். பரவாயில்லையோ?”

செபமாலைமுத்துவின் கழுத்து சிவந்தது. “தொண்ணூறு! கடைசியா எவ்வளவு கழிப்பாய், தங்கச்சி?”

“ஒரு சதமும் ஏலாது, அண்ணை.”

றொஜர் காசையும் வாளையும் பறித்துக்கொண்டு, இரும்பு கலகலக்க ஹை ஸ்ட்ரீற்றில் ஓடினான். ஏஜன்ற் ஷட்டரை இறக்குகிற நேரம், கோழி நெய் வடிந்த வாளை அதன் கீழே விட்டுத் தடுத்தானாம்.

ரசீதோடு அவன் திரும்பியபோது, பெனடிக்ற் உட்பட இருபத்துமூன்று பேர் மண்டபத்தில் இருந்து கோழி கடித்துக்கொண்டிருந்தார்கள். எவரும் சொல்லிவிட்டு வந்தவர்களல்ல.

றொஜர் தலைகளை ஒருமுறை எண்ணினான். கொப்பியில் அடுத்த வருஷப் பக்கத்தைத் திறந்து, பியற்றிஸ் முன்கூட்டியே எழுதியிருந்த இருபதை வெட்டி, தன் கையாலேயே முப்பது என்று எழுதினான்.