மியூசியம் வாசலில் அப்பா நின்ற ஆறு வருஷம்

அப்பா போய் இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் நிறைகிறது. இன்று திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அப்பா உட்கார்ந்து பார்த்தது குறைவாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் இருந்தாலும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். மரியாதைக்காக நிற்கிறார் என்று சிலர் நினைத்தீர்கள். அதில் மரியாதை பாதி, பழக்கம் பாதி. முப்பது வருஷம் நின்ற கால்களுக்கு மடங்குவதே பெரிய வேலையாகிவிட்டிருந்தது.

மூத்த மகள் என்பதால் எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. தம்பி, "அக்கா, நீதானே பள்ளிக்கூடத்துல தமிழ் சொல்லித் தர்றே, நீயே எழுதிடு" என்று சொல்லிவிட்டு அச்சாபீஸ் தேடிப் போய்விட்டான். அப்பாவின் நற்குணங்களை வரிசையாக எழுதலாம். எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவீர்கள். அதற்குப் பதிலாக, அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று அப்பா என்னிடம் கேட்டுக்கொண்ட ஒன்றை எழுதுகிறேன். ஒரு வருஷமாக அதை மனத்தில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து எனக்கும் சலித்துவிட்டது.

அப்பா பிறந்தது வாலாஜாபேட்டைப் பக்கம். பட்டாளத்துக் குதிரை லாயத்தில் தாத்தாவுக்கு வேலை கிடைத்ததால் கைக்குழந்தையாகப் பெங்களூர் வந்தவர். பிளேக் வந்தபோது ஒரே மாதத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, அல்சூரில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. செங்கல் சுமந்தார், மரக்கடையில் இருந்தார், கடைசியில் பார்க்கில் இருக்கும் சிவப்புக் கட்டட மியூசியத்தில் காவல் சேவகரானார். காக்கிக் கோட்டு, தலைப்பாகை, மார்பில் பித்தளை வில்லை. அந்த வில்லையைத் தினமும் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை.

மியூசியத்தை எங்கள் தெருவில் யாரும் மியூசியம் என்று சொல்லமாட்டார்கள். செத்த காலேஜ் என்பார்கள். "உங்கப்பா செத்த காலேஜுல என்ன படிக்கிறாரு? இன்னும் பாஸ் ஆகலியா?" என்று என்னைக் கேலி செய்யாத பிள்ளைகள் அல்சூரில் இல்லை. நான் அழுதுகொண்டு போய்ச் சொன்னால் அப்பா, "ஆவலேன்னு சொல்லு" என்பார்.

காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நிற்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் உள்ளே இருக்கும்போது உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கல் சிலைகளைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் கற்பூரத்தையே எடுத்துவிடுவார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ளாமலும் விட்டுவிடாமலும் தடுக்க வேண்டும். தொடாதீங்க, முட்ட பேடி, ஹாத் மத் லகாவ், டோண்ட் டச் என்று நாலு பாஷையிலும் அதே வார்த்தை. வீட்டுக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார். "ஊருக்கெல்லாம் நாலு பாஷையில பேசறாரு, வீட்டுக்கு ஒரு பாஷைகூட மிச்சமில்ல" என்று அம்மா சொல்வதுண்டு.

எனக்குப் பத்து வயதாகும்போது அம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அப்பா கொஞ்சம் பேச ஆரம்பித்தார். பேசியதும் ஒரே ஒரு சிலையைப் பற்றித்தான். ஏதோ ஊரில் ஏரி தூர்வாரும்போது கிடைத்த லட்சுமி அது. உள் கூடத்தில் வைத்திருந்தார்கள். மூக்கு கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஆனால் சிரிப்பு மட்டும் தேயவில்லை என்பார். அம்மா இதைப் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள், "நான் ஒரு தரம் தொட்டுப் பாக்கறேனே" என்றார். அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா சரி என்று சொல்லவே ஒரு மாதம் ஆயிற்று. தொடாதே என்று சொல்வதற்காக நிறுத்தப்பட்டவர், தன் வீட்டுக்காரியையே தொடவைப்பதா? கடைசியில் மியூசியம் மூடியிருக்கும் நாளில், பெருக்கித் துடைப்பது அப்பாவின் முறையாக வந்த வாரத்தில், அம்மாவை அழைத்துப் போனார். அம்மா தலைக்குக் குளித்து, அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அங்கே கொடுத்த குங்குமப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஜட்கா வண்டியில் ஏறியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உள் கூடத்துக் கதவில் பூட்டு தொங்கியது. வெள்ளையடிக்கிறவர்கள் முதல் நாளே சாரம் கட்டிவிட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள். அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவை அப்படியே திருப்பி முன்கூடத்துக்கு அழைத்துப் போய், அங்கே பீடத்தின்மேல் இருந்த ஒரு வெள்ளைக்கார துரையின் மார்பளவுச் சலவைக்கல் சிலைக்கு முன்னால் நிறுத்தி, கையைப் பிடித்து நெற்றியில் வைத்து, "இதான் லட்சுமி" என்றாராம்.

அம்மா நெற்றியை, மூக்கை, கன்னத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, அப்பா தடுப்பதற்குள், துரையின் நெற்றி நடுவில் குங்குமத்தை வைத்துவிட்டார். கும்பிட்டார். போகலாம் என்றார்.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அப்பா ஓட்டமாகத் திரும்பி வந்து ஈரத்துணியால் துடைத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. பொட்டு கரைந்து நெற்றி முழுக்கச் சிவந்துவிட்டது. தேய்க்கத் தேய்க்கப் புருவம் வரை இறங்கியது. மறுநாள் காலையில் மேலதிகாரி வந்தபோது துரை வெட்கப்பட்டவர்போல் இருந்தார்.

அது கதர்க்காரர்கள் தெருத்தெருவாகப் பேசிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரன் முகத்தில் சாயம் பூசினால் சும்மா விடுவார்களா? "யாரு ஹச்சித்து?" என்று அதிகாரி கேட்டார். யார் பூசியது என்று. "நானே, சுவாமி" என்றார் அப்பா. ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நீ காங்கிரஸா என்றதற்கும் பதில் இல்லை. கூட வேலை பார்த்த அந்தோணி மாமா அப்பாவைத் தனியாக இழுத்துப்போய், "கண்ணு தெரியாத பொம்பள வெச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லுப்பா, விட்டுடுவாங்க" என்று மன்றாடியிருக்கிறார். "சொன்னா அவளக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அது லட்சுமி இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்" என்றாராம் அப்பா.

பழைய ஆள் என்பதால் வேலையை விட்டு நீக்கவில்லை. கூடத்திலிருந்து எடுத்து வெளி வாசலில் போட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் மறைவு இல்லாத இடம். வேலையிலிருந்து ஓயும் வரை ஆறு வருஷம் அங்கேயே நின்றார். வீட்டில் அம்மாவிடம், "உள்ள ஒரே புழுக்கம். வாசல்னா காத்தாட இருக்கும்னு நானாக் கேட்டு வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டார். நானும் அதைத்தான் நம்பினேன். காலில் நரம்பு சுருட்டி, பிறகு புண் வந்து, அது ஆறாமலே காய்ச்சல் கண்டது. படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், வெந்நீரில் கால் கழுவிவிடும்போது என்னிடம் இதையெல்லாம் சொன்னார். அவ்வளவு நீளமாக அப்பா பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "பதினேழு வருசம் கண்ணு தெரியாம இருக்கிறா. ஒரே ஒரு சாமியத்தான் பாத்திருக்கா. அத எடுத்துடாதே" என்றார்.

அப்பா, உங்கள் பேச்சை நான் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள். அம்மாவுக்காக நீங்கள் பட்டதை அம்மா அறியாமலே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதியத்தில் அப்பா ஒரு வாய் சாப்பிட உட்காரும்படி ஆறு வருஷமும் வாசலில் மாற்றி நின்ற அந்தோணி மாமாவுக்கும், அழைக்கும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் வந்து புண்ணுக்குக் கட்டுப்போட்ட கம்பவுண்டர் ஐயாவுக்கும், மழையில் நனைந்துகொண்டு கடைசி வரை தோள் கொடுத்த எங்கள் தெருக்காரர்களுக்கும், இன்று வேலையை விட்டு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் அச்சில் வந்துவிடக் கூடாதே என்று, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். குங்குமம் வைத்த இடம் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது லச்சுமி இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் அம்மா.

எப்படி என்று கேட்டேன்.

"தாடையத் தடவறப்போ விரலு வழுக்கிக் கீழ போயிடுச்சு. கழுத்தாண்ட பித்தான் இருந்துச்சு. எந்த லச்சுமி கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கறா?"

"அப்புறம் ஏம்மா குங்குமம் வெச்சே?"

"அவரு ஆசையாக் கூட்டிக்கிட்டுப் போனாரு. வெக்காம திரும்பினா, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு சங்கடப்படுவாரு. அதான் வெச்சேன்."

மேற்கொண்டு படித்தேன். வாசலில் போட்டார்கள் என்ற வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"தண்டனையா அது?"

"ஆமாம்மா."

"ஆறு வருசமுமா?"

"ஆமாம்மா. வேணாம்னா இத எடுத்துடறேன்."

"எடுக்காத. போடு." அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "லச்சுமின்னு சொன்னத என் கையி கண்டுபிடிச்சிடுச்சு. வாசல்ல காத்தாட இருக்கும்னு சொன்னத நம்பிட்டேனே. தெனம் அவரு உள்ள வந்ததும், இன்னிக்கிக் காத்து நல்லா இருந்துச்சான்னு வேற கேட்டேனே."