ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

ஓய்வு பெற்ற மறு வருடமே எனக்கு இன்னொரு வேலை கிடைத்தது. தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் கம்பெனி. ஓர் அரசுத் துறைக்காக ஓய்வூதியக் கணக்கு போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். விதி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு விதிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அங்கே என் மனதுக்குப் பிடித்த ஊழியர், மேஜைக்கு அடியில் இருந்த பில்ட் மெஷின்தான். மற்றவர்கள் எழுதியதை அது வரிசைப்படி நடத்திக்கொண்டு போகும். முதலில் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும், பிறகு மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைல், விடை சரியா என்று பார்க்கும் டெஸ்ட், மூட்டை கட்டும் பேக்கேஜ், கடைசியில்தான் அனுப்புதல். கடைசிப் படியை மட்டும் கேட்டாலும் முதல் படியிலிருந்துதான் ஏறி வரும். ஒரு படி தவறினால் அங்கேயே நின்றுவிடும். எங்கள் பழைய அரசு ஆபீஸில் எந்த மேஜையையும் தொடாமல் மந்திரி அறைக்குப் போன கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று மதியம் துறை அதிகாரி செங்கல்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். புரோகிராமை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். திருப்தியில்லை என்றால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். போனால் டீமையே கலைத்துவிடுவார்கள் என்பது அதை நடத்திய பெண்ணுக்குத் தெரியும். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை.

அதிகாரி கேட்டிருந்த கடைசித் திருத்தத்தைச் சேர்த்து பில்டை ஓட்டியதும் திரை சிவந்தது. டெஸ்ட் படியில் ஒன்று தோற்றிருந்தது. நான் சொல்லி எழுத வைத்த டெஸ்ட் அது. அரசு ஊழியர் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார். ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தவர் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே வீட்டுக்குப் போக வேண்டும். புதிய திருத்தத்தில் இந்த விலக்கு அடிபட்டுப் போயிருந்தது.

"உங்க டெஸ்ட்தான் சார் வழி மறிக்குது," என்றான், திருத்தத்தைச் செய்தவன். "ஒண்ணாம் தேதி பொறந்தவன் எத்தனை பேர் இருக்கப் போறான்?"

சிறுசேரியில் ஏதோ கூட்டத்திலிருந்த முதலாளி போனில் வந்தார். "டெஸ்ட்டை ஸ்கிப் பண்ணி அனுப்பிடும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்படியும் ஒரு வழி இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டளையோடு ஒரு சொல்லைச் சேர்த்தால் மெஷின் டெஸ்ட்டைப் பார்க்காமலே தாண்டிப் போகும். அரசு ஆபீஸில் நாங்கள் அதைப் பின்னேற்பு என்போம்: முதலில் செய்துவிடுவது, அனுமதி பிறகு வாங்கிக்கொள்வது. மெஷின் மீதிருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது.

டீமை நடத்திய பெண் அந்தச் சொல்லை டைப் செய்துவிட்டு, என்ட்டரைத் தட்டாமல் என்னைப் பார்த்தார். "சார், நிஜமாவே அபூர்வமான கேஸா இது?"

"என் சர்வீஸ் புக்ல ஜூன் ஒண்ணும்மா. தேதி தெரியாத பிள்ளைக்கெல்லாம் அப்போ ஹெட்மாஸ்டர்தான் பொறந்தநாள் வெப்பார். ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்ல. எங்க செக்ஷன்ல பாதிப் பேர் ஒரே நாள்ல ரிட்டயர் ஆனோம். மாலை பத்தல."

அவர் அந்தச் சொல்லை அழித்தார். "எங்க அத்தாவுக்கும் ஜூன் ஒண்ணுதான்," என்றார். பிறகு அவனிடம், "சரி பண்ணு. ஸ்கிப் கிடையாது."

போன் அடித்தது. அதிகாரி வண்டலூரைத் தாண்டிவிட்டாராம்.

அவன் திருத்தினான். பில்ட் மறுபடி முதல் படியிலிருந்து ஏறியது, மறுபடி சிவந்தது. இந்த முறை ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு வருடம் பின்னால் போகாமல், டிசம்பரும் ஜனவரியும் இடித்துக்கொண்டன. மூன்றாம் முறை அது ஏறிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னும் ரெடியாகலையா?" என்று கேட்டபடி அதிகாரி உட்கார்ந்தார்.

"டெஸ்ட் ஓடுது சார்."

"ஓடட்டும், ஓடட்டும். எங்க ஆபீஸ்ல எதுவும் ஓடிப் பாத்ததில்ல."

சர்க்கரை இல்லாத டீ வந்தது. அதைக் குடித்து முடிக்கும்போது திரை பச்சையானது. பேக்கேஜ் இறங்கியது.

புரோகிராமைக் கையில் கொடுத்தால் எந்த அதிகாரியும் முதலில் தன் பிறந்த தேதியைத்தான் போட்டுப் பார்ப்பார். இவருடையது மாத நடுவில் வந்தது. விடை சரி. ஸ்கிப் செய்திருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"வீட்ல அவளும் கவர்மென்ட்தான், ஹெல்த் டிபார்ட்மென்ட்," என்று சொல்லிக்கொண்டே அதிகாரி இன்னொரு தேதியை அடித்தார். ஜூன் ஒன்று.

திரையில் மே முப்பத்தொன்று வந்தது.

"ஜூன் சம்பளமும் உண்டுன்னு ஆறு மாசமா என்கிட்ட சண்டை போட்டுகினு இருக்கா," என்றார். "இதை ஒரு பிரின்ட் எடுத்துக் கொடும்மா. நான் சொன்னா நம்ப மாட்டா."

பிரின்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பேனாவைத் திறந்தார்.