முப்பது நாள் நோட்டீஸ்

பாறசாலையில் ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு பாடத்தில் ‘ப்ரொக்ளெய்ம்டு’ என்ற சொல் வந்தது. ஊரறிய அறிவிக்கப்பட்டது என்று போர்டில் பொருள் எழுதினேன். உதாரணத்துக்கு வழக்கம்போல ஒரு ராஜாவைப் பிடித்து முடிசூட்டினேன். அப்போது என் கல்யாண நோட்டீசே ரிஜிஸ்தர் ஆபீஸ் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல உதாரணம்தான். வகுப்பில் சொல்ல தைரியமில்லை.

நான் கட்டப்போகிற பெண்ணின் வீட்டார் காரக்கோணத்தில் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாங்கள் சைவம், எங்கள் வாசலில் மீன்காரர் ஹாரன்கூட அடிக்கமாட்டார். வேறு வேறு மதம் என்பதால் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் போட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக்கொடுக்கலாம். அதன்பிறகுதான் கல்யாணம்.

எனக்கு ஒரே ஒருவரிடம்தான் பயம். அப்பா, வில்லேஜ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். விஷயத்தைச் சொன்ன நாள்முதல் என்னோடு பேச்சில்லை. எந்த ஊர் நோட்டீஸ் போர்டைக் கண்டாலும் நின்று, கடைசி முத்திரைவரை வாசித்துவிட்டுத்தான் நகர்வார். ஆட்சேபம் எழுதுவது அவருக்குக் கைவந்த கலை.

தினமும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே இருந்த சாயாக் கடையில் உட்கார்ந்து போர்டுக்குக் காவல் இருந்தேன். ஊரறிய அறிவித்ததை ஊரில் ஒருவரும் வாசிக்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் அதன்மேலேயே வேறொரு நோட்டீஸைக் குத்திவிட்டார்கள். எனக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் அப்பா வந்தார். போர்டை வாசித்தார். மேலே கிடந்த தாளைத் தூக்கி அடியில் இருந்ததையும் வாசித்தார். நேராக உள்ளே போனார். சாயாவை வைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

“ஆக்ஷேபம் உண்டோ சாரே?” என்று கிளார்க் கேட்டார்.

“உண்டு. எல்லாரும் காணத்தானே போர்டுல குத்தினது? இத மறைச்சு வேற ஒண்ணு குத்தியிருக்கு. நாளைக்கு எவனாவது வந்து கல்யாணம் செல்லாதுண்ணு சொன்னா, பிள்ளைகளுக்காக்கும் கஷ்டம்.”

குண்டூசி வாங்கி வந்து, என் நோட்டீஸை உருவி, மேலே தனியாகக் குத்தினார். நாலு மூலைக்கும் நாலு ஊசி. திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார்.

“கல்யாணம் எத்தன மணிக்கு?”

“பத்தரைக்கு” என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை.

“உரக்கச் சொல்லு, மக்கா” என்றார்.