தூசி தட்டிய கார்த்திகை

இன்று மனைவிக்குப் பிறந்தநாள். அவளுடைய நட்சத்திரம் கார்த்திகை.

மூன்று வாரம் மூடிக்கிடந்த பனி ஒருநாள் விலகியபோது, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி ஓரமாகத் தொலைநோக்கியை நிறுத்தி, கார்த்திகைக் கூட்டத்தைப் படம் பிடித்திருந்தேன். நீலநீலமாக அத்தனை நட்சத்திரங்கள். பரிசாகக் கொடுக்கலாமென்று, பெரிதாக்கிச் சட்டம் போட ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன்.

இன்று வாங்கப் போனேன். சட்டத்துக்குள் ஒரே கறுப்பு. மூலையில் ஒரே ஒரு நட்சத்திரம். அதை மட்டும் விரலால் காட்டினேன்.

ஸ்டூடியோ அண்ணன் பதறிப்போனார். "அடடா, ஒண்ணு விட்டுப்போச்சுங்களா? குடுங்க, அதையும் எடுத்துர்றேன். லென்ஸ்ல எம்புட்டு தூசிங்க! ராவெல்லாம் ஒக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சேன். கல்யாணப் பொண்ணு மூஞ்சிக்குக்கூட இவ்வளவு பாடுபட்டதில்ல."

சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். "அப்படியே நம்ம ஊரு வானந்தாங்க. ஒண்ணுமே தெரியல" என்றாள். பிறகு முந்தானையால் மூலையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சுவரில் மாட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து உதவி செய்ய வேண்டாம். இருப்பது ஒன்றுதான்.