பேனரின் கடைசி வரி

அவனுடைய கண்ணீர் அஞ்சலி பேனரைச் செய்தது நான்தான். கோவில்பட்டியில் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் ஒரு ஃபிளக்ஸ் கடை. அங்கே பன்னிரண்டு வருடமாகக் கணினியில் பேனர் வடிவமைக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். சாவு பேனருக்கு அதிக நேரம் ஆகாது. பின்னணி தயாராக இருக்கும்; படத்தை வைத்து, பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். அவனுடையதைச் செய்து முடிக்க எனக்கு நடுராத்திரி வரை ஆனது. அந்தப் படம் ஏற்கெனவே என் கணினியில் இருந்தது. அவன் உயிரோடு இருந்தபோது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நானே அதைத் திருத்தியிருந்தேன்.

அவனுக்கு இருபத்து நான்கு வயது. சிறிய சரக்கு வண்டி ஓட்டினான். கடலை மிட்டாய் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்வருவான். முதன்முதலில் கடைக்கு வந்தது அவன் அக்கா மகளின் காதுகுத்து பேனருக்கு. தாய்மாமன் வரிசையில் அவன் படம் கொஞ்சம் இருட்டாக இருந்தது.

"எக்கா, என்னையக் கொஞ்சம் செவப்பாக்கி விடுங்க. பக்கத்துல நிக்கவன்லாம் மாவுல முக்குன மாதிரி இருக்கான்."

இரண்டு முறை வெளிச்சம் கூட்டினேன். இன்னும் கேட்டான்.

"இதுக்கு மேல போனா உங்க அம்மாவுக்கே உன்னைய அடையாளம் தெரியாதுப்பா" என்றேன். கடையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வண்டி வரும்போதெல்லாம் உடைந்த கடலை மிட்டாய்த் துண்டுகளை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. அவனைத் தம்பி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கமும் இல்லை. ஆனாலும் அவன் வந்து போனால் அன்றைக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

வைகாசியில் அவன் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு பேனர் அடிக்க நண்பர்களோடு வந்தான். எட்டயபுரம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அங்கே இரண்டு தெரு. இரண்டு தெருவுக்கும் ஆகாது என்று எனக்கும் அரசல்புரசலாகத் தெரியும். அம்மன் படத்துக்குக் கீழே தங்கள் படங்களை வரிசையாக வைக்கச் சொன்னார்கள். அடியில் ஒரு வரி: 'எங்க எல்லைக்குள்ள வந்து பாரு.'

"யாரைச் சொல்லுத?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்லக்கா. சும்மா ஒரு கெத்துக்குத்தான்."

நான் தட்டினேன். தட்டியதோடு நிற்கவில்லை. நெருப்பு பற்றி எரிவது மாதிரியான எழுத்தாகத் தேடி எடுத்து அழகாகப் போட்டும் கொடுத்தேன். நல்ல வேலை செய்த திருப்திகூட எனக்கு இருந்தது.

அதை அவர்கள் தங்கள் தெருவில் கட்டவில்லை. அடுத்த தெரு தொடங்குகிற முக்கில் கட்டினார்கள். மறுநாள் விடிந்தபோது அது குறுக்கே கிழிந்து கிடந்தது. கம்பும் கல்லுமாக அடிதடி நடந்து, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. போலீஸ் வந்து, இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வாங்கி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து நெற்றியில் கட்டோடு கடைக்கு வந்தான். வழக்கம்போலச் சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு துணி கிழிஞ்சதுக்கா இந்தப் பாடு?"

"துணி இல்லக்கா. மானம்."

பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினான். அதற்கு ஒரு பதில் எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கயத்தாறுக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரக் கடையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறான். இரண்டு பைக்கில் அடுத்த தெருப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அவன் விழுந்து கிடந்த படம் யார் யாரோ அனுப்பி என் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. பாதி திறந்ததும் மூடிவிட்டேன். அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கடை முதலாளி அண்ணாச்சி கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு தேசத்தில், சந்தையில் குண்டு வெடித்திருந்தது. கீரைக் கட்டுகள் சிதறிக் கிடக்க, ஒற்றைச் செருப்போடு ஒரு கிழவர் ஓடினார்.

"மனுசப் பய எந்தக் காலத்துலயும் திருந்த மாட்டான் போல இருக்கு தங்கச்சி" என்றார். "காய் வாங்கப் போனவன் இவனுவள என்ன செஞ்சான்? படிச்சு என்ன, ராக்கெட்டு விட்டு என்ன?"

நான் தலையாட்டினேன். அப்போதுதான் அவன் நண்பர்கள் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. காதுகுத்துப் படத்தையே வைக்கச் சொன்னார்கள். அதில்தான் அவன் நன்றாக இருக்கிறானாம். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் சொன்னார்கள். பிறகு அவர்களில் நெட்டையாக இருந்தவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"கீழ ஒரு வரி போடணும்க்கா. 'பதில் வரும்'. அவ்வளவுதான். சிவப்புல."

"சாவு பேனர்லயா?"

"ஆமா."

"யாருக்குப்பா பதில்?"

"படிக்க வேண்டியவனுக்குத் தெரியும்."

நான் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "கேக்குதத அடிச்சுக் குடுத்துரும்மா" என்றார் மெதுவாக. "நாம மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போவானுவ. அந்தப் பொல்லாப்பு நமக்கு எதுக்கு?"

ஆறே எழுத்து. தட்டிவிட்டேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு மத்தியானம், ஒரு அம்மா கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். செருப்பில் கரிசல் மண் அப்பி, செருப்பா மண்ணாங்கட்டியா என்று தெரியாத அளவுக்குக் கனத்துக் கிடந்தது. ஐம்பது வயது இருக்கும்.

"நான் அவன் அம்மா" என்றார். எந்த அவன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"நான் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கேன் தாயி. காலையில ஊருக்குள்ள வேன் வரும். அந்தப் பேனர் வேன் திரும்புத முக்குலதான் கட்டியிருக்கு. எம்புள்ள சிரிச்சுக்கிட்டு நிக்கான். கீழ அந்த வார்த்தை. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன், வாசிக்கத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "வெட்டுனவனுவள்ல ஒருத்தனோட அம்மாவும் அதே வேன்லதான் வாரா. ஏழு வருசமா ஒண்ணாத்தான் போறோம். அந்த முக்கு வந்ததும் அவ தலையக் குனிஞ்சுக்கிடுதா. தெனமும் குனியுதா. எனக்கு அதப் பாக்க முடியல."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"அத எழுதுனது யாரு?"

பையன்கள் சொன்னார்கள், முதலாளி சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதானே. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "நாந்தான் பெரியம்மா."

அவர் கோபப்படவில்லை. "அப்ப நீயே எடுத்துரு" என்றார்.

அன்றே வேறு பேனர் அடித்தேன். அதே படம், அதே தேதிகள். கீழே எதுவும் இல்லை. அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சுருட்டிய பேனரைத் தோளில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கிப் போட்டு நான் ஏற, அந்த அம்மா கம்பைப் பிடித்துக்கொண்டார். பழையதை அவிழ்த்துக் கீழே போட்டேன். புதியதில் ஒரு பக்கக் கயிறு கட்டி முடிப்பதற்குள் மூன்று பைக் வந்து நின்றது. கடைக்கு வந்த அதே நெட்டைப் பையன்தான் முதலில் இறங்கினான்.

"யாரைக் கேட்டு அத அவுத்தீங்க?"

அந்த அம்மா கம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவனப் பெத்தவ நான். நீங்க என்னையக் கேட்டுத்தான் வச்சீங்களாலே?"

"எங்களுக்கு அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாது அத்தை."

"தெரியும்லே. ஒண்ணாச் சோறு தின்னவனுவதான் நீங்க. எம்வீட்டுலதான் தின்னீங்க. அதனாலதான் சொல்லுதேன். இன்னொருத்தன் செத்தா எம்புள்ள வருவானா? சொல்லு, வருவானா?"

அவன் கீழே கிடந்த பழைய பேனரைப் பார்த்தான். திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். அந்த அம்மா கம்பை விட்டுவிட்டுப் போய் அவன் தலையைத் தடவினார். நான் தனியாக மறுபக்கக் கயிற்றைக் கட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒரு காரியம் முடிந்துவிட்டது என்று நம்பினேன். மழை பெய்து பச்சை பிடித்த உளுந்தங்காடுகளைப் பார்த்துக்கொண்டு, இத்தனை நாள் கழித்து நிம்மதியாகக் கொஞ்சம் கண்ணயரக்கூட முடிந்தது.

காரியம் முடியவில்லை. கம்பத்திலிருந்து மட்டும்தான் நான் அதை அவிழ்த்திருந்தேன். நான் செய்த அந்தப் பழைய பேனர் படமெடுக்கப்பட்டு, பின்னால் ஒரு பாட்டும் சேர்ந்து, அந்த வட்டாரத்துப் பையன்கள் எல்லாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில், அவனை ஒருமுறைகூடப் பார்த்திராத பையன்கள்கூட வைத்திருந்தார்கள். சிவப்பில் நான் தட்டிய அதே ஆறு எழுத்து. அந்த அம்மாவிடம் சாதாரண போன்தான் இருந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை.

தை பிறந்தது. வெட்டியவர்கள் நாலு பேரும் சிறையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவனுடைய அண்ணன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்தவன், இரண்டு வருடம் கழித்துப் பொங்கலுக்கு வந்திருந்தான். கொடைச் சண்டையின்போது அவன் ஊரிலேயே இல்லை. மாட்டுப் பொங்கலன்று காலையில் ஊருணியில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவனை வெட்டிக் கொன்றார்கள். பிடிபட்டவர்களில் அந்த நெட்டைப் பையனும் இருந்தான். அவன் உட்கார்ந்து அழுத அழுகை பொய்யென்று நான் இப்போதும் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

இரண்டு நாள் கழித்து அடுத்த தெருப் பையன்கள் எங்கள் கடைக்கே வந்தார்கள். அதே வயது, அதே வீங்கிய கண்கள். படம் கொடுத்தார்கள், தேதி சொன்னார்கள். கடைசியில் ஒரு வரியும் சொன்னார்கள். கிட்டத்தட்ட அதே வரிதான்.

"மத்ததெல்லாம் செஞ்சு தாரேன். அந்த வரிய மட்டும் போட மாட்டேன்" என்றேன்.

ஒருவன் என்னை நேராகப் பார்த்தான். "அவனுவளுக்கு மட்டும் போட்டீங்கல்லா?"

என்னால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் எழுந்து போனார்கள். சாயங்காலத்துக்குள் வேறு கடையில் அடித்து, அந்த வரியோடு, ஊர் முக்கில் கட்டியும்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த நாள் அந்த அம்மா போன் செய்தார். "எங்கூட வேன்ல வாரவ மவன்தான் செத்தது. அவ வீட்டுக்குத் துட்டி கேக்கப் போவணும் தாயி. தனியாப் போவப் பயமா இருக்கு. கூட வாரியா?"

மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். மகள் அப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா, புள்ளையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் அவரைப் பார்த்தது மாசி மாதம், எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் தீப்பெட்டி வேலையை விட்டுவிட்டு, எட்டயபுரத்திலேயே மகள் வீட்டோடு வந்துவிட்டாராம். மிகவும் இளைத்துப் போயிருந்தார். சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். காய்ச்சல் பொய் என்று முதலில் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "போன்ல உன் குரல்லயே தெரிஞ்சுது. நீ வராதது நல்லதுதான்."

"போனீங்களா?"

"போனேன். ஆம்பளையளு வாசல்லயே மறிச்சாவ. அவ உள்ள இருந்து எழுந்து வந்தா. கட்டிப்பிடிச்சு அழுவான்னு நெனச்சேன். எம்மூஞ்சில துப்பிட்டா."

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"துப்பட்டும் தாயி. எனக்கு அது வேணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கிட்டச் சொல்லுதேன், எம்மவகிட்டக்கூடச் சொல்லல. அன்னைக்கு அந்தப் பய போயிட்டான்னு சேதி வந்துச்சுல்லா. கேட்டதும் எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு குளிர்ச்சி வந்துச்சு. ஒரு நிமிசந்தான். அந்தப் பயல எனக்குச் சின்னதுலேருந்து தெரியும். வேன் வரைக்கும் அவன் அம்மாவோட சோத்து வாளியத் தூக்கிட்டு வருவான். அவன் செத்ததுக்கு எனக்குக் குளுந்துச்சு. பேனர அவுக்கச் சொன்னவளும் நாந்தான. அந்த ஒரு நிமிசத்துக்குத்தான் அந்த வீட்டுக்குப் போனேன்."

"அது யாருக்கும் வரும் பெரியம்மா" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என்ன செய்ய?" என்று கேட்டார். என்னைக் குற்றம் சொல்லும் கேள்வி இல்லை. உண்மையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார்.

கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த பஸ்ஸும் போனது.